99 சதவீதம் துல்லியம் என்றால் எவ்வளவு? பெட்டியிலேயே எழுதுங்கள்

மருத்துவக் கருவிகளின் லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரிகளுக்கும், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவிகளை விற்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

குளுக்கோமீட்டர் எப்படி வேலை செய்கிறது, ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்டிரிப் என்ன விலை, எத்தனை வீடுகள் அதை நம்பியிருக்கின்றன என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. அதனால் நேராக வேண்டுகோளுக்கே வருகிறேன். பெட்டியின் மேல் '99% அக்யூரேட்' என்று மொட்டையாகப் போடுவதை நிறுத்துங்கள். அந்த இடத்தில், கருவி காட்டும் எண் உண்மையான அளவைவிட எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை மில்லிகிராம் கணக்கில், தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள்.

சென்ற வாரம் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதில்தான் இதை எழுத வைத்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. மற்றவர்களின் பெட்டியிலும் இதே வாசகத்தைப் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கருவியில் என்ன எண் வருகிறதோ, அதற்கு இத்தனை யூனிட் என்று டாக்டர் ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார். சில மாதங்களாக நடுராத்திரியில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். விரலில் குத்திப் பார்த்தால் 85, 90 என்று காட்டும். எண் நன்றாக இருக்கிறதே, அப்புறம் ஏன் இப்படி என்று வீடே குழம்பி நிற்கும். அம்மா தானாகவே சர்க்கரைத் தண்ணீர் கேட்டுக் குடிப்பார், குடித்ததும் தெளிவார். அதற்குப் பிறகு ஒருநாள் எழுப்ப எழுப்பக் கண் திறக்கவில்லை. கிளம்பும் முன் எங்கள் கருவி காட்டியது 74. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில், போன உடனே எடுத்த ரத்தத்தில் 41.

பிழைத்துக்கொண்டார். ஆனால் 41-ஐ 74 என்று காட்டும் ஒரு கருவியை நம்பி, ஒவ்வொரு ராத்திரியும் அவர் உடம்பில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு டாக்டர் சொன்னபடி லேப்பில் ரத்தம் எடுத்த அதே நேரத்தில் எங்கள் கருவியிலும் பார்த்தோம். கருவி காட்டியவை 182, 179, 184. லேப் முடிவு 148. இந்த எண்களை எல்லாம் நிறுவனத்துக்கு அனுப்பினேன். வந்த பதிலின் சாரம் இதுதான்: "மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எண் வந்திருக்கிறது. ஆகவே கருவி துல்லியமாக வேலை செய்கிறது."

பதினோராம் வகுப்பு இயற்பியலில் தொடக்கத்திலேயே வரும் பாடம் இது. திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே மாதிரி வருவது பிரிசிஷன். உண்மையான அளவுக்குப் பக்கத்தில் வருவது அக்யூரசி. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று ஆகாது. கடைக்காரர் தராசு ஒவ்வொரு தடவையும் 900 கிராமை ஒரு கிலோ என்று காட்டினால், அது பிசகாமல் ஒரே மாதிரி காட்டுகிறது என்பதற்காக யாராவது அதைச் சரியான தராசு என்பார்களா? எங்கள் கருவி மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் தப்பியது. இந்த இரண்டு சொற்களையும் உங்கள் துண்டுப் பிரசுரத்தின் தமிழ்ப் பகுதி 'துல்லியம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. ஆங்கிலப் பகுதியில் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது. அதாவது வேறுபாடு உங்களுக்குத் தெரியும். தமிழில் படிப்பவருக்கு மட்டும் சொல்லப்படவில்லை.

அந்த ஆங்கில அட்டவணையையும் பார்த்தேன். இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, உண்மையான சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் வரை. அதுவும் நூறு அளவீடுகளில் 95 இந்த வரம்புக்குள் வந்தால் போதும். ஆக, உண்மையில் 70 இருக்கும்போது கருவி 55 என்றோ 85 என்றோ காட்டினாலும் அது தேர்ச்சிதான். 200-ஐ 170 என்றோ 230 என்றோ காட்டினாலும் தேர்ச்சிதான். இந்த வரம்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துச் சில விநாடிகளில் எண் சொல்லும் கருவியிடம் பெரிய லேப்பின் வேலையை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கருவியால் தப்பித்த உயிர்கள் ஏராளம் என்பதும் தெரியும். ஆனால் 85 என்றால் 70 ஆகவும் இருக்கலாம் என்பது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த ராத்திரிகளில் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக அம்மாவின் வியர்வையை நம்பியிருப்போம்.

சரி, 99 எங்கிருந்து வருகிறது? அதே தரத்தில் இன்னொரு நிபந்தனை உண்டு. அளவீடுகளில் 99 சதவீதம், கருவி காட்டும் எண்ணை உண்மையான அளவோடு ஒப்பிடும் பிழை வரைபடத்தின் ஏ, பி என்ற இரண்டு மண்டலங்களுக்குள் விழ வேண்டும். அந்த மண்டலங்களின் பொருள், காட்டிய எண்ணை நம்பி வைத்தியம் செய்தாலும் நோயாளிக்குப் பெரிய பாதிப்பு வராது என்பதுதான். எண் 99 சதவீதம் சரி என்று அதற்கு அர்த்தமே இல்லை. உங்கள் பெட்டியில் உள்ள 99 இதுதானா, வேறு கணக்கா என்று நிறுவனத்திடம் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு ரத்தசோகை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமடோகிரிட் அவருக்கு 27 சதவீதம். அது குறைந்தால் பல கருவிகளில் சர்க்கரை அளவு இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஸ்டிரிப் டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளில், ஹெமடோகிரிட் 30 முதல் 55 வரை உள்ளவர்களுக்கே இந்த ஸ்டிரிப் பொருந்தும் என்று ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எல்லோருக்கும் ஹெமடோகிரிட் 30-க்குக் கீழே போகாதுதான். ஆனாலும் இத்தனை பேருக்கு விற்கும் பொருளில் இந்த எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் பெட்டியின் முகப்பு. அங்கேதான் 99 உட்கார்ந்திருக்கிறது.

இது குளுக்கோமீட்டரோடு முடிகிற விஷயமும் இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா விரைவுப் பரிசோதனைக் கிட்டுகள் வந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராஜஸ்தான் அரசு சோதித்துப் பார்த்துவிட்டு, அக்யூரசி 5.4 சதவீதம்தான் என்றது. மாநிலங்கள் எல்லாம் அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டி வந்தது. நோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கும் என்பது ஒரு கேள்வி. நோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேருக்கு வீணாக நோய் என்று சொல்லும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து ஒரே சதவீதமாகச் சொன்னால் வாங்குபவருக்கு என்ன புரியும்? நூற்றில் ஒருவருக்கு வரும் நோய்க்கு, எல்லோரையும் பார்த்து 'உனக்கு இல்லை' என்று சொல்லும் கிட்டுக்கும் 99 சதவீத அக்யூரசி கிடைக்கும். கணக்கு சரி. நோயாளி ஒருவரைக்கூட அது பிடித்திருக்காது. ரத்த அழுத்தக் கருவியிலும் தெர்மாமீட்டரிலும், ஏன், வீட்டிலேயே செய்யும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும்கூட இப்படி ஒரு சதவீதத்தை ஒட்டி விற்கிறார்கள். எதன் சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தானே?

மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நூறு கிராம் பருப்பு குறைந்தால் புகார் சொல்ல ஒரு முத்திரை ஆய்வாளர் இருக்கிறார். இன்சுலின் அளவைத் தீர்மானிக்கும் கருவி வீட்டுக்கு வந்த பிறகு, அதைச் சரிபார்க்க நான் யாரிடம் கொண்டுபோக வேண்டும்?

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. கேட்க வந்தது பெரிய விஷயம் இல்லை. புதுக் கருவி கேட்கவில்லை, இழப்பீடும் கேட்கவில்லை. பெட்டியின் முகப்பில் தமிழில் மூன்று வரிகள் வேண்டும். "உண்மையான அளவு 100-க்குக் கீழே இருந்தால் இந்தக் கருவி 15 மில்லிகிராம் வரை கூடவோ குறையவோ காட்டலாம், 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் வரை. ரத்தசோகை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும். எண் சரியாகத் தெரிந்தாலும் வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தால் தாழ்சர்க்கரையாகவே எடுத்துக்கொள்ளவும்." உங்கள் கருவியின் பிழை இதைவிடக் குறைவு என்றால் அந்த எண்ணையே போடுங்கள், பெருமையோடு போடுங்கள். அதிகாரிகள் இதை விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே ஆக்கித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை, எதன் 99 என்று சொல்லாத 99-ஐப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு தாயின் மகள்