பசு நடந்த கரையில் சைக்கிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேல்ஸ் நாட்டில் மௌதக் ஆற்றங்கரையோரம் சைக்கிளில் போய்வந்த அனுபவத்தைத் தங்கள் இதழில் ஓர் அன்பர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். 1965-இல் மூடப்பட்ட ரயில் தடத்தைச் சரளைப் பாதையாக மாற்றி, மலையடிவாரத்து டோல்கெத்லாயிலிருந்து கடற்கரையிலுள்ள பார்மவுத் வரை ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவுக்கு மோட்டார் வாகனத் தொல்லை இல்லாமல் மிதித்துப் போக வழி செய்திருக்கிறார்கள் என்றும், ஒரு பக்கம் காடர் இட்ரிஸ் மலையும் மறுபக்கம் ஆறும் கூடவே வரும் என்றும், கடைசியில் கழிமுகத்தின் மேல் உள்ள நீண்ட பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழையலாம் என்றும் அழகாகச் சொல்லியிருந்தார். மலையும் ஆறும் கடலும் அப்படிச் சேர்ந்திருக்கும் இடம் நமக்கு வாய்க்கவில்லையே என்று அவர் முடித்திருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமைக்காரர் எவராலும் முடியாது.

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி சுமார் 125 கி.மீ. ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை, பிறந்த மாவட்டத்திலேயே கடலில் கலந்த ஆறு அது. அதன் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். அந்தக் கால்வாய்களின் கரையில் மடை பார்க்கவும், உடைப்பை அடைக்கவும், அறுத்த கதிரை வண்டியில் ஏற்றிவரவும் விட்ட மண்பாதை. வேல்ஸ்காரர்கள் ரயில் நின்ற பிறகு அமைத்துக்கொண்டதை நாம் நெல் விளைவிப்பதற்காகவே போட்டு வைத்திருக்கிறோம். சைக்கிள் பாதை என்று பெயர்ப்பலகை நடவில்லை, அவ்வளவுதான்.

நான் பிறந்து வளர்ந்தது கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில். இந்தக் கால்வாயை வெட்டியவர் ஒரு கன்னடியர் என்றும், அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவை முன்னால் விட்டு, அது நடந்த வழியெல்லாம் வாய்க்காலும், படுத்த இடத்தில் குளமும், சாணமிட்ட இடத்தில் மடையுமாக அமைத்தார் என்றும் எங்கள் பக்கத்தில் கதை சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கரையில் சைக்கிள் மிதித்தவருக்குக் கதையின் சூட்சுமம் புரியும். மாடு மேட்டை முட்டிக்கொண்டு ஏறாது, சுற்றிப் போகும், நீரும் அப்படித்தான். நீர் போகும் சரிவு காலுக்குத் தெரியாத சரிவு. கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து சேரன்மகாதேவி வரை கரையிலேயே வந்தால் எங்கும் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதில்லை. முழங்கால் தேய்ந்த என் போன்ற 61 வயதுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது பிள்ளைகள் கிராவல் பைக் என்று ஒன்றை வாங்குகிறார்கள். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, ஆனால் அதைவிட அகலமான டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைக்கிறார்கள். கல்லும் மண்ணும் கலந்த பாதையில் சக்கரம் துள்ளாமல் போக அதுதான் காரணம். என் அக்காள் மகன் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியின் டயர் அகலம் 40 மி.மீ. நான் முப்பது ஆண்டுகளாக ஓட்டும் கறுப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம். கணக்குப் போட்டால் 38 மி.மீ. இதைச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பால்காரரும் கொத்தனாரும் இத்தனை காலமாக ஓட்டியது கிராவல் பைக்தான் என்பது என் துணிபு.

கடந்த தை மாதத்தில் நானும் அக்காள் மகனும் வெள்ளாங்குளியிலிருந்து கிளம்பினோம். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்துக்காக 2009-இல் வெட்டத் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய், அங்கே கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து, சாத்தான்குளம் வட்டத்துச் செம்மணல் காடான எம்.எல். தேரி வரை சுமார் 75 கி.மீ. செல்கிறது. நான் சொல்லவந்த பாதை இதுதான். விடியுமுன் புறப்பட்டால் முதல் ஒரு மணி நேரம் முதுகுக்குப் பின்னால் மலை. திரும்பித் திரும்பிப் பார்த்ததில் ஒருமுறை கரையிலிருந்து இறங்கி வரப்பில் விழப் பார்த்தேன். பிசானப் பருவத்து நெல் கதிர் வாங்கி நின்றது. நான்குவழிச் சாலையைக் கடக்கும் இடத்தில் ஐந்து நிமிட இரைச்சல், பிறகு மீண்டும் அமைதி. நெல் மறைந்து பனையும் உடைமரமும் வந்தன. அங்கேதான் என் பின்சக்கரத்தில் முள் ஏறியது. சீமைக்கருவேல முள், கட்டை விரல் நீளம். கால்வாயடியில் தேங்கிக் கிடந்த நீரில் ட்யூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உரசி, ஒட்டி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மருமகன் வண்டியிலும் முள் ஏறியிருந்தது. அதில் ட்யூபே கிடையாது, டயருக்குள் ஊற்றியிருக்கும் பால்போன்ற பசை தானாகவே ஓட்டையை அடைத்துக்கொண்டது. “லட்ச ரூபாய் எதுக்குன்னு இப்பத் தெரியுதா மாமா?” என்றான். தெரிந்தது.

தேரியில் அவன் வண்டியும் இறங்கித் தள்ளும்படிதான் ஆயிற்று. செம்மணல், அச்சு வரை புதைகிறது. பிறகு சிறு சாலைகளில் மணப்பாடு போய், கருமேனியாறு கடலைச் சேரும் இடத்தில், குன்றின் மேல் தேவாலயம் தெரியக் கால் நனைத்தோம். குறிஞ்சியில் தொடங்கி மருதம் கடந்து, பாலை போன்ற தேரியைத் தாண்டி நெய்தலில் முடியும் பகல் ஒன்று, வகுப்பறையில் பத்து நாள் நடத்துவதற்குச் சமம்.

இனி என் மனக்குறை. கரையில் பல இடங்களில் மண் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளின் தடம் முழங்கால் ஆழத்துக்குப் பதிந்திருக்கிறது. மழை பெய்தால் நீர் நிற்பது அந்தத் தடத்தில்தான். கரை இளகுவதும் அங்கேதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில் குளக்கரைகளும் கால்வாய்க்கரைகளும் உடைந்ததை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. இன்னொரு பக்கம், கரைகளுக்கெல்லாம் தார் போட வேண்டும் என்று எங்கள் ஊரிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்கள் ஆசை எனக்கு விளங்குகிறது, ஆனால் தார் விழுந்த மறுநாளே அது குறுக்குச் சாலையாகிவிடும். காரும் வேனும் வந்தபின் சைக்கிள்காரர் வாய்க்காலுக்குள்தான் இறங்க வேண்டும். கரைக்குத் தேவை நல்ல சரள் மண்ணும், நீர் வழிந்தோட இரு பக்கமும் சிறிது சாய்வும், முள்ளை வெட்டுவதும் மட்டுமே. கரை ஏறும் இடங்களில் சங்கிலித் தடுப்பு ஒன்று வைத்து, சாவியை அந்தந்தப் பகுதிக் கால்வாய் ஊழியரான லஸ்கரிடம் கொடுத்தால் போதும். விவசாயியின் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போகாத கரை எங்களுக்கு வேண்டாம். அவை ஆண்டில் சில நாள் வருபவை, ஒதுங்கி வழிவிடுவதில் சைக்கிள்காரருக்குக் குறைவு ஒன்றுமில்லை. அதோடு, தினமும் பத்துப் பேர் மெதுவாகப் போய்வரும் கரையில் எலிவளையும் கசிவும் முதல் நாளிலேயே கண்ணில் படும். பொதுப்பணித் துறையில் இருந்த என் தந்தை கால்நடையாகவே கரை பார்த்தவர். ஜீப்பில் போகிறவனுக்குக் கசிவு தெரியாது என்பார்.

கட்டுரையைப் படித்துவிட்டு, மலை என்றால் மாஞ்சோலைக்கோ காரையாருக்கோ சைக்கிளில் ஏறவேண்டும் என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறையின் சோதனைச் சாவடியும் கட்டுப்பாடுகளும் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. மலையை மணிமுத்தாறு அணைக்கரையிலிருந்து பார்த்தாலே கண் நிறையும்.

ஒரு விவரம். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். திரும்பி வருவதை நினைக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் போகிறவர்கள் திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் திரும்புவது நல்லது. வேல்ஸ் போய்வந்த அன்பர் இங்கே வருவதாக இருந்தால் தை, மாசியில் வரட்டும். வழித்துணைக்கு நானும் வருகிறேன். முள் பிடுங்க ஒரு கொறடு மட்டும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தங்கள் வாசகர்,
சேரன்மகாதேவி.