மேல்மாடி அண்ணனுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றுத்தான் பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு இந்தத் தகரக் கொட்டிலுக்கு வந்தோம். அம்மா அடுப்பு மூட்டிவிட்டார். தேத்தண்ணி குடித்த கையோடு எழுதுகிறேன். மலை சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், சேற்றோடு போன கதை உங்களுக்கே தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. அன்றிரவு டோர்ச்சோடு ஏறி வந்து எங்கள் கிழவிகளை முதுகில் சுமந்த கீழ்க் கிராமத்துச் சிங்கள அண்ணன்மார், கம்பளையிலிருந்து நாள் தவறாமல் சோறு கட்டி அனுப்பிய பள்ளிவாசல் பிள்ளைகள், மட்டக்களப்பிலிருந்து பாயும் போர்வையும் லொறியில் கொண்டுவந்தவர்கள், வகுப்பறைகளைத் திறந்துவிட்ட அதிபர், பால்மாப் பெட்டியில் பேர்கூட எழுதாத யாரோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதத்தான் வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீதி மடல் ஒரே ஒருவருக்கு. எங்கள் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, அதன் மேல்மாடியில் நைட் வேலை பார்க்கும் அண்ணனுக்கு. பேர் போடவில்லை. போட்டால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கூப்பிட்டு விசாரிப்பார்.

அப்பாவின் தகரப் பெட்டியைப் பொடியன்கள் சேற்றிலிருந்து இழுத்து வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி எல்லாவற்றையும் வகுப்பறை மேசையில் பரப்பினோம். அடியில் செங்கல் மாதிரி ஒன்று கிடந்தது. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. 1972-ல் வந்த முதல் இதழ். எடுத்து ஓரமாக வைத்தேன். சேத விபரம் பதிய வந்தவர் "வேற என்ன போச்சு?" என்று கேட்டபோது கட்டில், டீவி, அலுமாரி என்று சொன்னேன். காமிக்ஸ் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டையே பறிகொடுத்த சனத்துக்கு நடுவில் முப்பத்தெட்டு வயதுக்காரன் அதை எப்படிச் சொல்வது?

அந்தப் புத்தகம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்ட 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பேர் விழுந்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமைக் கடந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். இங்கே அப்போது இந்தியப் புத்தகங்களுக்குக் கட்டுப்பாடு. அடுத்த வருஷம், அங்கே போய்வந்த ஒருவர் கையில் பாட்டிக்கு ஒரு சேலை கொடுத்தனுப்பியிருக்கிறார். பாட்டி சேலையை உதறினால் மடிப்புக்குள்ளிருந்து மாயாவி விழுகிறார். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. உள்ளட்டையில் ஊதா மையில் "தம்பி படிச்சிட்டு வை. நா வந்து கதை கேப்பேன்" என்று எழுதியிருக்கும். பெரியப்பா வரவில்லை. கப்பலும் 1984-க்குப் பிறகு நின்றுபோனது.

எனக்கு அந்தப் பெட்டி திறந்தது ஒன்பது வயதில். கை கழுவிவிட்டு வந்தால்தான் அப்பா தருவார். மாயாவியான லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் லயத்திலோ கரண்டே இல்லை. குப்பி லாம்பு வெளிச்சத்தில், மூக்கில் புகைக்கரி ஏற, கரண்டைத் தொட்டு மறைகிறவன் கதையைப் படித்தேன். தோட்டத்தில் பிளக் இருந்தது இரண்டே இடம், பங்களாவும் ஸ்டோரும். இரண்டுக்கும் என்னை விடமாட்டார்கள். இல்லையென்றால் இன்று இதை எழுத ஆளிருந்திருக்காது.

முகாமில் மூன்றாவது ராத்திரி, ஸ்டோரிலிருந்து தேத்தண்ணி வாளி தூக்கி வந்த அண்ணன் அந்தச் செங்கலைப் பார்த்துவிட்டுக் குந்தினார்.

"இது மாயாவி தானே தம்பி?"

அட்டையில் பாதி இல்லை, மிச்சம் முழுக்கச் சேறு. எப்படித் தெரிந்ததோ! பிறகு அவரே சொன்னார். பத்து வயதில் புசல்லாவை சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது முதன்முதலாகப் பார்த்தாராம். மூச்சு விடாமல் படித்து முடிவுக்குப் போனால் கடைசித் தாள்கள் இல்லை. சவரக் கத்தி நுரையைத் துடைக்கக் கிழித்திருக்கிறார்கள். மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் ஸ்டோருக்குள் நுழைந்து பிளக்கில் விரலை விட்டிருக்கிறார்.

"தூக்கி அடிச்சிருச்சு தம்பி. மறையவே இல்ல. அப்பா கண்ணுக்கு நல்லாத்தான் தெரிஞ்சேன். வெளுத்துட்டாரு."

அன்றைக்குத்தான் அந்த வகுப்பறையில் முதல் சிரிப்பு. சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாயில் சுருண்டு கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கு மாயாவி வந்தது நாவலப்பிட்டி ஸ்டேஷனில், பருப்பு வடை சுற்றிய தாளில். இன்னொருத்தரிடம் வாத்தியார் பறித்துக்கொண்டு, மறுவாரம் "இதுக்கு அடுத்தது இருக்கா?" என்று கேட்டாராம்.

போகும்போது அண்ணன் புத்தகத்தை இடுப்பில் கட்டிய சாரத்தில் பொதிந்துகொண்டார். "நா பாத்துக்கிறேன்."

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மேல்மாடி, கொழுந்து வாட்டுகிற இடம். கம்பிவலை போட்ட நீளத் தொட்டிகள், முனையில் பெரிய காற்றாடி. பரப்பிய கொழுந்துக்குள் காற்று ராவெல்லாம் புகுந்து ஈரத்தை எடுத்துப் போகும். பாதை உடைந்து கொழுந்து வராததால் தொட்டிகள் காலி. கரண்டு திரும்பிய ராத்திரி காற்றாடிகளை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. சூட்டை நிறுத்திவிட்டு வெறுங்காற்று மட்டும். "வெயில்ல வச்சா அப்பளமாயிரும், சூட்டுல வச்சா தூளாயிரும்."

பக்கங்களைப் பிரித்தது அண்ணி. அரைகுறை ஈரத்தில், மேல் தாளின் மூலையை நகத்தால் நெம்பி, கீழ்த் தாளை மற்றக் கையால் அழுத்திப் பிடித்து, ஊதி ஊதி. ரெண்டு இலை ஒரு மொட்டை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை கிள்ளும் விரல்கள் அவை. அவசரமாக இழுத்தால் என்ன ஆகும் என்று அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடையிடையே பழைய பத்திரிகைத் தாள், மேலே பலகை, பலகைமேல் அம்மிக்கல்.

ஆறாம் நாள் தேயிலை உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். ஊதா மை எழுத்தில் "தம்பி"யும் "கேப்பேன்"னும்தான் மிச்சம். நடுவில் இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. மற்றதெல்லாம் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், சேற்று நாற்றம் போய்ப் பச்சைக் கொழுந்து வாசம். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன். வீடு போனதற்குக்கூட அப்படி அழவில்லை.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஒரு தப்பு பண்ணிட்டேன் தம்பி. கேக்காம கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டேன்."

அண்ணே, தப்பா அது! சலூன்காரர் வைத்த கடன் அல்லவா.

இனி அந்தப் புத்தகம் பெட்டிக்குள் போகாது. சேமலாப நிதிக் கடதாசி வேண்டுமானால் பெட்டியில் இருக்கட்டும். கொட்டில் வரிசையில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள், கை கழுவிவிட்டு யார் வந்தாலும் தருவேன். (முடிவை இங்கே எழுதாததும் அவர்களுக்காகத்தான்.)

ஒட்டிப்போன அந்த இரண்டு பக்கம் எனக்கு மனப்பாடம், அண்ணே. நைட் வேலை இல்லாத நாள் ஒன்று சொல்லுங்கள். அம்மா ரொட்டி சுட்டுத் தருவதாகச் சொல்கிறார். எடுத்துக்கொண்டு வந்து, உங்களுக்கும் அண்ணிக்கும் சொல்லிக் காட்டுகிறேன்.