நீ கேட்ட கேள்விக்கு, லெ ஹாவ்ரிலிருந்து

அன்புள்ள அம்மு,

கப்பல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் நிற்கிறது. இரவு மணி 11 தாண்டிவிட்டது. அம்மா தூங்கிவிட்டாள். நான் கப்பலின் நூலக அறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தினமும் போட்டோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ போனில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

"அத்தனை பேர் செத்த இடத்தைப் பார்க்க, இவ்வளவு சொகுசாப் போகணுமாப்பா?"

குத்திக்காட்டுவதற்காக நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அம்மாவின் முழங்காலைக் காரணமாகச் சொன்னேன். அது பொய் இல்லை. இரவுக்கு இரவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் மாற எங்கள் இருவருக்கும் இனி முடியாது. ஆனால் நீ கேட்டது அதை இல்லை.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர் நடந்த இடங்களைச் சுற்றிக்காட்டுகிற சின்னக் கப்பல்தான். பயணிகளில் பெரும்பாலோர் எங்கள் வயது. சிலர் அப்பாவுடைய போட்டோவையும் பதக்கத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். லண்டனில் ஏறினோம். டோவர், டன்கர்க், போர்ட்ஸ்மவுத், அப்புறம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் நார்மண்டிக் கரை. காலையில் ஒரு உரை, பிறகு பஸ்ஸில் அந்த இடத்துக்கே போவது, மாலையில் மறுபடி ஒரு உரை. பேசுகிறவர்கள் மூன்று பேர். போர் வரலாறு எழுதுகிற ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற ஒரு கடற்படை அதிகாரி, போர்க்கால ஆவணங்களோடு பல வருடம் வேலை செய்த ஒரு அம்மையார். பேராசிரியர் நன்றாகப் பேசுகிறார், ஆனால் வீரக் கதைகள் கொஞ்சம் அதிகம். மற்ற இருவரும்தான் எனக்கு ஆசிரியர்கள் ஆனார்கள்.

31 வருடம் வரலாறு நடத்தியவன் நான். டன்கர்க் மீட்பு, ஜெர்மானியர் சூழ்ந்துகொண்ட பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்களைப் பிரான்சின் கரையிலிருந்து கப்பலேற்றிக் காப்பாற்றியது, 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை, 3,38,226 பேர். எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன். மீனவர்களும் படகுக்காரர்களும் சின்னப் படகுகளில் வந்து மணலில் நின்றவர்களை ஏற்றிப்போனார்கள் என்று உருக்கமாகவும் சொல்லியிருக்கிறேன். கடற்படைக்காரர் எங்களை டன்கர்க் அலைதடுப்புச் சுவருக்கு எதிரில் நிறுத்தி, மீட்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துறைமுகத்திலிருந்துதான், அதிலும் பெரும்பாலோர் இந்த ஒடுக்கமான தடுப்பிலிருந்து பெரிய கப்பல்களில் ஏறித்தான் போனார்கள் என்றார். கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கென்று போட்டதே இல்லை அந்தத் தடுப்பு. சின்னப் படகுகள் வந்ததும் உண்மை, ஆனால் நான் சொன்ன அளவில் இல்லை. அங்கே கோவேறு கழுதைகளோடு வந்த இந்தியப் படைப்பிரிவுகள் இருந்தன என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. பிரான்சின் குளிரில் பாரம் சுமக்க அனுப்பப்பட்டவர்கள். ஒரு பிரிவு ஜெர்மானியரிடம் அகப்பட்டுக்கொண்டது. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லாமலே ஓய்வுபெற்றுவிட்டேன் என்று அன்று முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது.

போர்ட்ஸ்மவுத்தில் நின்ற இரவு ஆவண அம்மையார் பேசியதை உனக்கு அப்படியே சொல்ல ஆசை. ஊருக்குச் சற்று வடக்கே சவுத்விக் ஹவுஸ் என்றொரு மாளிகை. ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பிரான்சை மீட்க 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் கடல்வழியாக இறங்கிய நார்மண்டித் தரையிறக்கத்தின் கடைசி முடிவுகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. சுவர் முழுக்க ஒரு மரப்பலகை வரைபடம். ஒரு பொம்மைக் கம்பெனியில் செய்யச் சொன்னார்கள். எந்தக் கரை என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஐரோப்பாவின் கரை முழுவதற்கும் செய்யச் சொல்லி, நார்மண்டித் துண்டை மட்டும் மாட்டினார்கள். மாட்ட வந்த தொழிலாளிகளை, தாக்குதல் நடந்து முடியும்வரை வீட்டுக்கு விடவே இல்லை.

தரையிறக்கம் முதலில் ஜூன் 5 என்று முடிவாகியிருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற இடத்தில் தபால் நிலையத்தில் வேலை பார்த்த பெண் மோரீன் ஃப்ளேவின். ஜூன் 3 அவளுக்கு 21வது பிறந்தநாள். காற்றழுத்த அளவை எடுத்து அனுப்புவதும் அவள் வேலை. அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கிருந்தோ போன் வந்தது, மறுபடி பார்க்கச் சொன்னார்கள். மறுபடி பார்த்தாள், அதே அளவுதான். புயல் வருகிறது என்பதற்கு அது ஒரு முக்கியமான சாட்சி. வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக் சொன்னதைக் கேட்டு, படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளிப்போட்டார். தன் அளவு எதற்குப் பயன்பட்டது என்பது அவளுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2023இல், 100 வயதில் இறந்துபோனார்.

அப்புறம் ஒரு சின்னத் தாளின் படத்தைத் திரையில் காட்டினார். தரையிறக்கம் தோற்றுப்போனால் வெளியிட வேண்டும் என்று ஐசன்ஹோவர் பென்சிலால் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்ட குறிப்பு. ஜூன் 5 என்பதற்குப் பதிலாக ஜூலை 5 என்று தேதி போட்டிருக்கிறார். அந்த மனிதர் அன்றைக்கு எந்த நிலையில் இருந்திருப்பார் என்று அதிலேயே தெரிகிறது. படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன என்று முதலில் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு, படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று மாற்றியிருக்கிறார். பழி எதுவும் உண்டென்றால் அது தன் ஒருவனுடையது என்று முடித்திருக்கிறார். பெறப்பட்டன என்பதை நான் பெற்றேன் என்று மாற்றிய அந்த அடித்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலையில் உனக்கு இப்போது கீழே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளின் படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார்.

அன்று இரவு கால்வாயைக் கடந்தோம். கப்பல் நன்றாகவே ஆடியது. அம்மாவுக்கு இரண்டு முறை வாந்தி. பணிப்பெண் ஓடிவந்து வெந்நீரும் துண்டும் கொடுத்து, கூடவே உட்கார்ந்திருந்தாள். 1944இல் இதே தண்ணீரில் தட்டையான அடிப்பாகம் கொண்ட தரையிறங்கு படகுகளில் பையன்கள் இரவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஜூன் 5க்கென்று கிளம்பிப் பாதிவழியில் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. வயிறு காலியாகி, முதுகில் 30 கிலோவுக்கு மேல் சுமையோடு, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினார்கள். சுத்தமான போர்வைக்குள் படுத்துக்கொண்டு அதை நினைத்தபோதுதான் உன் கேள்வி எனக்கு முழுதாக உறைத்தது.

நார்மண்டியில் அமெரிக்கப் படைகள் இறங்கிய ஓமஹா கடற்கரைக்கு எங்களைத் தண்ணீர் வற்றியிருக்கிற நேரம் பார்த்து அழைத்துப்போகச் சொன்னவர் கடற்படைக்காரர்தான். கரையில் நட்டுவைத்திருந்த தடைகள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, வற்றிய நேரத்தில்தான் படைகளும் இறங்கின. அதற்கு விலை, தண்ணீரின் விளிம்பிலிருந்து கரைமேடு வரை ஏறக்குறைய 300 மீட்டர் வெட்டவெளி மணல். மேட்டில் இயந்திரத் துப்பாக்கிகள். "ஈர மணலின் விளிம்புக்குப் போய், அங்கிருந்து நடந்து வாருங்கள்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. கைத்தடியோடு நடந்தேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. நின்றேன். என்னைச் சுடுவதற்கு யாரும் இல்லை, அதனால் நிற்க முடிந்தது. தூரத்தில் ஒரு குழந்தை பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. அந்த உரைகளைக் கேட்காமல் வந்திருந்தால் எனக்கும் இது வெறும் அழகான கடற்கரைதான்.

மேட்டின்மேல் கொலேவில் என்ற ஊரில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். 9,380க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள், எல்லாம் மேற்கே, தங்கள் நாட்டைப் பார்த்து நிற்கின்றன. வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து கண்ணில் படாது. சொந்தக்காரர்கள் வந்தால் ஊழியர் ஒருவர் ஒரு வாளியில் ஓமஹாவின் ஈர மணலைக் கொண்டுவந்து எழுத்துகளில் தேய்க்கிறார். பெயர் மட்டும் பழுப்பாக மேலே தெரிகிறது. எங்கள் குழுவில் ஒருவருடைய மாமாவின் பெயர் அப்படித் தெரிந்தது. மழை வந்தால் போய்விடும் என்றார் ஊழியர்.

அங்கே 4 பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் அமெரிக்க ராணுவத்தின் 6888வது தபால் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அது கறுப்பினப் பெண்களின் படைப்பிரிவு, 855 பேர், தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். 1945 தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்கு வந்தபோது, வீரர்களுக்கு வந்த சுமார் 1 கோடியே 70 லட்சம் கடிதங்களும் பொட்டலங்களும் கிடங்குகளில் குவிந்து கிடந்தன. படைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரே பெயரில் ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஓர் அட்டை எழுதி, எண்ணை வைத்துப் பிரித்து, இரவும் பகலும் மூன்று ஷிப்டாக வேலை பார்த்தார்கள். 6 மாதம் ஆகும் என்றதை 3 மாதத்தில் முடித்தார்கள். இறந்தவர்களின் கடிதங்களை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவதும் அந்தப் பெண்களின் வேலை. அப்புறம் பிரான்சுக்கு வந்து ருவான் நகரிலும் இதே வேலை. அங்கே 1945 ஜூலையில் ஒரு ஜீப் விபத்தில் அந்த மூவரும் போய்விட்டார்கள். ஆவண அம்மையார் இதைச் சொல்லும்போது குரல் தடுமாறியது. எத்தனை முறை சொல்லியிருப்பார், இருந்தாலும்.

ஒரு வருத்தமும் சொல்ல வேண்டும். லா காம்ப் என்ற ஊரில் இருக்கிற ஜெர்மானியக் கல்லறைத் தோட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கியிருந்தது 20 நிமிடம்தான். சிலர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. 21,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். தரையோடு தரையாகக் கற்கள், இடையிடையே கருங்கல் சிலுவைகள். அம்மா ஒரு கல்லில் பிறந்த வருடம் 1926 என்று பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். "இவனுக்கும் ஒருத்தி சோறு ஊட்டித்தானே வளர்த்திருப்பா" என்றாள். அது சரி. ஆனால் பிரான்சின் ஓரடூர் கிராமத்தில் 1944 ஜூன் 10 அன்று 640க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்ற, நாஜிகளின் எஸ்எஸ் படையின் அதிகாரி ஒருவனும் அதே மண்ணில்தான் கிடக்கிறான். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு 20 நிமிடம் போதாது என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதினேன். நார்மண்டியில் ஏறக்குறைய 20,000 பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரே ஒரு உரைதான். ஜெர்மானியர் பிடியில் இருந்த, இன்று நாங்கள் நிற்கிற இந்த லெ ஹாவ்ரையே 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் தரைமட்டமாக்கின. சுமார் 2,000 பேர் செத்தார்கள், விடுதலைக்குச் சில நாள் முன்பு. பிறகு ஒகஸ்ட் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் இந்த நகரைத் திரும்பக் கட்டினார். செயின்ட் ஜோசப் தேவாலயத்தின் 107 மீட்டர் கோபுரத்துக்குள் இன்று மாலை நின்றோம். உச்சிவரை வண்ணக் கண்ணாடி. இறந்தவர்களின் நினைவாகவும் கட்டியது என்றார்கள். நிரலில் இல்லை, நாங்களாகத்தான் போனோம்.

சரி, உன் கேள்வி. ஓமஹாவிலிருந்து திரும்பிய இரவு மேசையில் வெள்ளைத் துணி, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள். என்னால் சாப்பிட முடியவில்லை. எதிரில் இருந்தவருடைய அப்பா அந்தக் கரையில் இறங்கிப் பிழைத்தவர். வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சொகுசு எங்கள் முழங்காலுக்காக மட்டும்தான். உனக்கு அது தேவையில்லை. நீ இங்கே வருவதாக இருந்தால் பஸ்ஸில் வா, நடந்து வா. ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லும்படி வா. கேபினைப் பார்த்துப் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதே, பேசப்போகிறவர் யார் என்று பார்.

நீ இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை வீடு மாறியிருக்கிறாய். உன் விலாசம் என்னிடம் எழுத்தில் இல்லை, போனில் தேடி எடுத்து உறையின்மேல் எழுதியிருக்கிறேன். அம்மாவை எழுப்பி ஒரு முறை சரிபார்க்கவும் சொன்னேன். காலையில் வரவேற்பு மேசையில் கொடுத்தால் இந்த ஊர்த் தபாலில் சேர்த்துவிடுவார்களாம். கிடைத்ததும் சொல். வந்துசேரவில்லை என்றாலும் சொல், மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா