விரல்ல மை வெச்சதோட வேலை முடிஞ்சுடுச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எலக்‌ஷன் வந்தா முதல் தடவை ஓட்டு போட்ட பசங்க மை வெச்ச விரலை தூக்கி காட்டற போட்டோ நம்ம பேப்பர்ல கண்டிப்பா வரும், பாக்க சந்தோஷமாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அடுத்த எலக்‌ஷன் வரைக்கும் அவங்கள யாரும் தேடறதில்ல, அவங்களும் எந்தப் பக்கமும் எட்டிப் பாக்கறதில்ல.

நான் நீலகிரில கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல இருக்கேன், கொஞ்சம் தேயிலை தோட்டம் இருக்கு. எங்க பசங்க நிறைய பேரு கோயமுத்தூர், பெங்களூர்னு வேலைக்கு போயிட்டாங்க. எங்க படுகர் குலதெய்வம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மட்டும் மேனேஜர்கிட்ட சண்டை போட்டாவது வெள்ளை வேட்டியோட வந்து நிப்பாங்க, ஓட்டு போடற அன்னிக்கு கேட்டா லீவு இல்ல ஆன்ட்டிங்கறாங்க. மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 135பி-ன்னு ஒரு பிரிவு இருக்குப்பா, தனியார் கம்பெனியா இருந்தாலும் ஓட்டு இருக்கறவங்களுக்கு அன்னிக்கு சம்பளத்தோட லீவு குடுத்தாகணும், இதை உங்க எச்.ஆர். கிட்ட ஒரு மெயில் போட்டு கேளுங்க. (அங்கயே குடும்பத்தோட செட்டில் ஆயிட்டீங்கன்னா ஃபார்ம் 8 போட்டு பேரை அங்க மாத்திக்கறதுதான் முறை, ரெண்டு இடத்துல பேரு வெச்சுக்கறது தப்பு.) ப்ளஸ் டூ படிக்கற பசங்க ஓட்டர் லிஸ்ட்ல புதுசா பேரு சேக்கற ஃபார்ம் 6-ஐ 17 வயசுலயே குடுத்து வெக்கலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ந் தேதி கணக்குல எதுல 18 முடியுதோ அதுல பேரு ஏறிடும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. ஊராட்சி ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருந்தாலே நீங்க கிராம சபை மெம்பர், தனியா எந்த கார்டும் வேண்டாம், யார் சிபாரிசும் வேண்டாம். வருஷத்துக்கு 6 தடவை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதுல 4 நாள் எப்படியும் லீவு நாள்தானே. ஆனா அங்க போய் பாத்தா 100 நாள் வேலைக்கு போற அக்காங்களும் ரெண்டு மூணு தாத்தாங்களும்தான் உக்காந்திருப்பாங்க, வரவு செலவை கடகடன்னு படிச்சு முடிக்கறதுக்குள்ள கையெழுத்து நோட்டு சுத்தி வந்துடும், டீயும் வர்க்கியும் குடுத்தா கூட்டம் முடிஞ்சுது. அதே நேரத்துல ஊர் வாட்ஸ்அப் குரூப்ல பஸ் ஸ்டாப் பக்கம் கரடி வந்த வீடியோவ போட்டு தெரு லைட் எரியல, எவனுக்கும் அக்கறை இல்லன்னு பசங்க வரிசையா திட்டிட்டு இருப்பாங்க!

அந்த லைட்டுக்காக ஒரு காலேஜ் பொண்ணு கிராம சபைக்கு வந்துச்சு. பாக்கறோம்மான்னு சொன்னதுக்கு, பாக்கறது இருக்கட்டும் சார், தீர்மானமா எழுதுங்க, எழுதினதை ஒரு தடவை படிச்சு காட்டுங்கன்னு நின்னுடுச்சு. எழுதினாங்க. லைட் வந்துச்சான்னு கேட்டா, ரெண்டு கம்பத்துல ஒண்ணு எரியுது, இன்னொண்ணுக்கு அது திரும்ப லெட்டர் குடுத்திருக்கு.

இதுல எங்க வயசுக்காரங்க மேலயும் தப்பு இருக்கு. சின்னவங்க யாராவது எந்திரிச்சா, நீ உக்காரு கண்ணு பெரியவங்க பேசட்டும்னு அமுக்கிடறோம், அப்புறம் இந்தக் காலத்து பசங்களுக்கு பொறுப்பு இல்லன்னு புலம்பறோம். 2025 ஜனவரில ஊராட்சி தலைவருங்க, வார்டு மெம்பருங்க பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு பொறுப்பு போனப்போ, வீட்டு வாசல்ல நிறுத்தி கேள்வி கேக்க ஒரு மெம்பர் கூட இல்ல, அந்த மாதிரி சமயத்துல கிராம சபையையும் விட்டுட்டா வேற எங்க போய் கேக்கறது?

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் சார். கூட்டம் முடிஞ்சப்புறம் போட்டோ போடறதுக்கு பதிலா நாலு நாள் முன்னாடியே எந்த ஊராட்சில எங்க, எத்தன மணிக்குன்னு உங்க பேப்பர்ல நீலகிரி செய்தி வர்ற பக்கத்துல ஒரு சின்ன பெட்டி செய்தி போடுங்க. அதை ஊர் குரூப்ல போடற வேலைய நான் பாத்துக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி