இல்லத்துப் பெரியவர்களின் மனதையும் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தவன் நான். அதே அக்கறையை முதியோர் இல்லங்களில் இருப்பவர்களின் மனநலத்திலும் காட்டச் சொல்லித்தான் இந்த மடல்.

என் பெரியம்மா ஓர் இல்லத்தில் இருக்கிறார். பக்கத்துக் கட்டிலில், கர்நாடக எல்லையை ஒட்டிய தளி பக்கத்து அம்மா ஒருவர். கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார், தட்டில் பாதி அப்படியே இருக்கும். "ஞாபகம் போயிடுச்சு, வயசானா அப்படித்தான்" என்று ஆயாக்கள் விட்டுவிட்டார்கள். புதிதாக வந்த சமையல்காரம்மா ஒருநாள் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். அவ்வளவுதான், கேழ்வரகுக் களி கிண்டும் பக்குவத்தில் தொடங்கி, வளர்த்த மாடுகளின் பெயர் வரை அந்த அம்மா சொல்லி முடித்தார். அவருக்கு மறதி நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை யாருமே சோதித்துப் பார்க்கவில்லை என்கிறேன்.

வயதானவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படுவதில்லை. பசி குறையும், விடியும் முன்பே விழிப்பு வரும், எதைக் கேட்டாலும் "தெரியல" என்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது மறதி நோய் மாதிரியே இருக்கும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை, இவையும் புத்தியைக் குழப்பும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு. மனச்சோர்வுக்கும் உண்டு. உண்மையான மறதி நோயோடு மனச்சோர்வு சேர்ந்து வருவதும் சகஜம், அப்போதும் பாதிச் சுமையையாவது இறக்கலாம். மறதி நோயின் அபாயத்தைக் கூட்டும், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. காது கேளாமை, மனச்சோர்வு, ஒட்டுறவு இல்லாமை மூன்றும் அதில் இருக்கின்றன. இல்லத்தில் இருக்கும் பலருக்கு இந்த மூன்றுமே உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாந்தோப்பிலும் காட்டிலும் விடியலில் இருந்து உழைத்தவர்களை நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார வைக்கிறோம். பெரியம்மா முருங்கைக் கீரை ஆயக் கை நீட்டினால், "உங்களுக்கு எதுக்கும்மா" என்று முறத்தை வாங்கிக்கொள்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வேலையும் போனால் அவருக்கு அன்றைய பொழுதில் வேறு என்ன இருக்கிறது?

முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416 என்று உதவி எண்கள் இருக்கின்றன, சரி. ஆனால் போன் மேலாளர் மேசையில் இருக்கிறதே.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவக் குழுவை மாதம் ஒருமுறை ஒவ்வோர் இல்லத்துக்கும் அனுப்புங்கள். மனநல சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எல்லோருக்கும் தந்த உரிமைதான். புதிதாகச் சேர்பவர்களுக்குக் காது, கண், தைராய்டு, பி12 பரிசோதனை நடக்கட்டும். மனச்சோர்வை அறிய, ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு, முதல்கட்டத்துக்கு அது போதும். ஞாபகசக்தியைச் சோதிக்கும்போது, பள்ளிக்கூடம் போகாதவரை வாக்கியம் எழுதச் சொல்லி மதிப்பெண் போட வேண்டாம். ஆய்வுக்கு வருபவர்கள், நான் பார்த்தவரை, சமையலறையையும் பதிவேட்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அடுத்த ஆய்வில் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், கூடவே கன்னடமும் தெலுங்கும் தெரிந்த ஒருவரையும் அனுப்புங்கள்.