கூந்தன்குளத்துப் பெரியவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஆச்சிகளுக்கும் தாத்தாக்களுக்கும் வணக்கம்.

சின்ன வயதில் பார்த்த பறவைகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று கேட்டபோது, "நாங்க என்னத்தப் பேசப் போறோம்" என்று தயங்கினீர்கள். பேச உட்கார்ந்த பிறகு இருட்டியதுகூட யாருக்கும் தெரியவில்லை.

நம் ஊர் 1994-ல் பறவைகள் சரணாலயமானது பிள்ளைகளுக்குப் பாடமாகத் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பே வீட்டு வேம்பிலும் புளியிலும் கூடு கட்டிய நாரைகளை உங்கள் அம்மாக்கள் விரட்டாமல் விட்டதை நீங்கள் சொல்லித்தான் கேட்டார்கள். முற்றமெல்லாம் எச்சம், மீன் வாடை. "பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு வந்த மகளை எவளாவது விரட்டுவாளா?" என்று ஒரு ஆச்சி கேட்டாரே, பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். மரத்தடி எச்சத்தை அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டதையும், தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லி வைத்ததையும் கேட்டுக்கொண்டார்கள்.

எனக்கு மறக்காதது கூழைக்கடா (பெலிகன்) குஞ்சின் கதை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுக்கு மீனைத் தலைப்பக்கமாகத்தான் ஊட்ட வேண்டும், வால் பக்கமாகக் கொடுத்தால் துடுப்பு முள் தொண்டையில் சிக்கும் என்று, ஒரு பையனின் பென்சிலையே மீனாகப் பிடித்துக் காட்டினீர்கள், ஆச்சி. உச்சி வெயிலில் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிப்பதைத் தாத்தா எழுந்து நின்று கைகளை விரித்தே காட்டிவிட்டார். இதெல்லாம் அறிவிப்புப் பலகையில் கிடைக்குமா?

நம் குளத்துக்கு மணிமுத்தாற்றுத் தண்ணீர் வராத வருஷங்களில் இமயமலை தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இங்கே இறங்கினவா இல்லையா என்று இரண்டு தாத்தாக்களுக்குள் வழக்கு வந்ததே, இரண்டு பேர் சொன்னதையும் பிள்ளைகள் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

பைனாகுலர் கொண்டுவந்த வனக்காவலர் அண்ணனுக்கும், காசு வாங்காமல் டீயும் முறுக்கும் தந்த கடை அண்ணாச்சிக்கும், ஆச்சிகளைக் கைபிடித்துக் கூட்டிவந்து திரும்ப வீட்டில் விட்ட மதினிமாருக்கும் மனமார்ந்த நன்றி.

முட்டுவலியால் வர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நோட்டோடு பிள்ளைகளே உங்கள் திண்ணைக்கு வருவார்கள். என்ன கேட்பது என்று இப்போதே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை