உன் வேஷத்துக்கு இன்னொரு ஆள்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதை அம்மா அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். டைரக்டர் உன் வேஷத்துக்கு இன்னொரு பெண்ணையும் தயார் பண்ணச் சொன்னாராம், நீ முடியவே முடியாது என்றாயாம். "எழுதினது நான், நடிக்கிறதும் நான்தான். மோலியேர் மாதிரி மேடையிலேயே உயிர் போனாலும் சரி" என்றாயாம். அம்மா ராத்திரி தூங்கவில்லை. எனக்கு வந்தது வேறு கோபம். புதுச்சேரியில் காலமெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் பெண், நாடகம் எழுதி நடித்த பிரெஞ்சுக்காரர் மோலியேர் கதையைத் தப்பாகச் சொல்லலாமா?

அவர் மேடையில் சாகவில்லை. 1673 பிப்ரவரி 17, 'கற்பனை நோயாளி' நாடகம் நான்காவது தடவையாக நடந்தது. கடைசியில் அவர் நடித்த நோயாளி ஆர்கானுக்கு டாக்டர் பட்டம் சூட்டுகிற கேலிச் சடங்கு வரும். அதில் லத்தீனில் சத்தியம் செய்யும்போது உடம்பு இழுத்துக்கொண்டது, அதை ஒரு சிரிப்பில் மறைத்து ஆட்டத்தை முடித்தார் என்கிறார்கள். பிறகு ரிஷெலியூ தெருவில் இருந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருமலில் ரத்தம் வந்தது. ராத்திரி பத்து மணி வாக்கில் முடிந்துவிட்டது. வயது 51. குழுவின் வரவு செலவு நோட்டு எழுதிவந்த நடிகர் லா கிராஞ், சளியும் மார்பு நோயுமாக ரொம்பச் சிரமப்பட்டுக்கொண்டே அன்று நடித்தார் என்று அதில் குறித்துவைத்திருக்கிறார்.

ஜனங்களுக்கு அந்த ஒரு ராத்திரிதான் பிடிக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஏழு வருஷம். 1665-66 குளிர்காலத்தில் படுத்த படுக்கையானவர் அவர். 1667 ஏப்ரலில் ஆள் பிழைக்க மாட்டார் என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு. மேடைப் பக்கமே வராமல் இருந்தார், பாலாகவே குடித்துக்கொண்டு கிடந்தார். ஊருக்கு வெளியே ஓத்தேய் என்ற கிராமத்தில் ஓர் இடம் வாடகைக்குப் பிடித்து, முடிந்தபோதெல்லாம் அங்கே போய் இருந்தார். கவனித்தாயா, ஓய்வெடுத்துக்கொண்டவர்தான் அவர். 'மனித வெறுப்பாளன்' 1666இல், 'கஞ்சன்' 1668இல், 'சீமானாக ஆசைப்பட்டவன்' 1670இல், 'ஸ்காப்பன்' 1671இல், 'படித்த பெண்கள்' 1672இல். எல்லாம் அந்த உடம்பை வைத்துக்கொண்டு எழுதியவை, ஏறக்குறைய எல்லாவற்றிலும் முக்கிய வேஷம் அவருக்கே.

எப்படி முடிந்தது? உடம்பை ஒளித்துவைக்கவில்லை, அதையும் வசனத்தில் சேர்த்துக்கொண்டார். 'கஞ்ச'னில் கிழவன் அர்ப்பகோன், தனக்கு அவ்வப்போது இந்த மார்புச் சளிதான் வந்து தொலைக்கிறது என்பான். கல்யாணத் தரகு பேச வந்த புரோசின், இருமுவதும் உங்களுக்கு ஓர் அழகுதான் என்று அவனுக்கு ஐஸ் வைப்பாள். நடிகருக்கு இருமல் வந்தால் ஆட்டம் கெடாது, வராவிட்டால் பொய்யாக இருமிக்கொள்ளலாம். தன்னோடு நிறுத்தினாரா, அதுவும் இல்லை. குழுவில் லூயி பெஜார் நொண்டி நடப்பவர். அவருக்குக் கொடுத்த வேலைக்காரன் வேஷத்தைப் பார்த்து, இந்த நொண்டி நாயைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று அர்ப்பகோன் திட்டுவான். இன்று யாரும் அப்படி எழுதினால் அடிக்க வருவார்கள், வரட்டும். ஆனால் அந்தக் குழுவில் நொண்டிக்கும் இருமலுக்கும் வேலை இருந்தது.

ஆர்கானையும் பார். திரை எழும்போது ஆள் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து மருந்துக்கடை பில்லைக் கூட்டிக்கொண்டிருப்பான். பெரும்பாலும் அந்த நாற்காலிதான் அவன் இடம். நிற்க முடியாத நடிகர் தனக்கே எழுதிக்கொண்ட வேஷம் என்று எனக்குத் தோன்றும். (மோலியேர் உட்கார்ந்தது என்று சொல்லி ஒரு நாற்காலியை பாரிஸின் கொமெடி பிரான்சேஸ் தியேட்டரில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.) நோயே இல்லாமல் நோயாளி வேஷம் கட்டுகிற ஒருவனாக, நிஜ நோயாளி நடித்தார். மூன்றாம் அங்கத்தில் ஆர்கான், நான் டாக்டராக இருந்தால் அந்த மோலியேருக்கு மருந்தே கொடுக்காமல் சாகவிடுவேன் என்று கத்துவான். அவருக்குத் தன் நோயைத் தாங்கத்தான் தெம்பு இருக்கிறது, மருந்தையும் சேர்த்துத் தாங்க இல்லை என்று அவன் சகோதரன் பதில் சொல்வான். அப்புறம் ஆர்கானைச் செத்தவன் மாதிரி படுக்கச் சொன்னால், அப்படிப் படுப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லையே என்று கேட்பான். கடைசி வாரத்தில் இந்த வசனங்களைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார் மனுஷன்.

டாக்டர்களைக் கேலி பண்ணினாரே என்று அதையும் பிடித்துக்கொள்ளாதே. அன்று வைத்தியம் என்றால் ரத்தம் வடிப்பதும் எனிமாவும் பேதி மருந்தும்தான். ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று இங்கிலாந்து வைத்தியர் ஹார்வி 1628இலேயே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் அதை மறுத்து ஆய்வேடு எழுதிக்கொண்டு பெண் பார்க்க வருகிற வைத்திய மாணவன் ஒருவனை இந்த நாடகத்தில் வைத்திருக்கிறார். அந்தக் காலத்து வைத்தியரிடமிருந்து தள்ளி இருந்ததே புத்திசாலித்தனம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிற உன் லூபஸுக்கு மாத்திரை இருக்கிறது, அது வேலை செய்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை வேளை தவறாமல் போடு, கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, பகல் வெயிலில் தெருமுனை நாடகம் என்று கிளம்பாதே. ஸ்டீராய்டை நீயாக நிறுத்தவே கூடாது.

இனி நீ பெருமையாகச் சொல்கிற அந்த நாளுக்கு வருகிறேன். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று மனைவி அர்மாந்தும் சீடன் பரோனும் கெஞ்சினார்களாம். தினக்கூலியை நம்பி ஐம்பது தொழிலாளிகள் இருக்கிறார்கள், நான் நடிக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றாராம். முப்பது வருஷம் கழித்து கிரிமாரே என்பவர் எழுதியது இது, கொஞ்சம் மெருகேறியிருக்கும். ஆனால் விஷயம் நம்பக்கூடியதுதான். ஆட்டம் நடந்தால்தான் வசூல். போட்டியாளரான இசையமைப்பாளர் லுல்லி ராஜாவிடம் உரிமை வாங்கி, மற்றவர்களின் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் கட்டுப்பாடு போட்டிருந்த சமயம் வேறு. நிறையச் செலவு பண்ணி ஏற்றிய நாடகம்.

இதற்கு மேல் உள்ளதைத்தான் யாரும் சொல்வதில்லை. 21ஆம் தேதி ராத்திரி அவரைப் புதைத்தார்கள். நடிகன் என்று சர்ச் மறுத்ததால் அதற்கே ராஜா வரைக்கும் போக வேண்டியிருந்தது. 24ஆம் தேதி தியேட்டரைத் திறந்துவிட்டார்கள், 'மனித வெறுப்பாள'னில் அவர் வேஷத்தில் பரோன். மார்ச் 3ஆம் தேதி 'கற்பனை நோயாளி'யே திரும்ப மேடை ஏறியது, ஆர்கானாக லா தொரிலியேர். செத்து இரண்டு வாரம்! அதே குழுவில், கூடவே நடித்துக்கொண்டிருந்த ஆள். அவரை ஒரு மாதம் முன்னால் உட்காரவைத்து வசனம் சொல்லிக்கொடுத்திருந்தால் ஐம்பது பேர் கூலியும் போயிருக்காது, 17ஆம் தேதி மோலியேர் போர்வைக்குள் படுத்திருக்கலாம். பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன், நுரையீரல் அந்த நிலையில் இருந்தது. இன்னொரு நாடகமாவது எழுதியிருப்பாரோ என்றுதான் எனக்கு ஆதங்கம். அந்த நாற்காலியைப் பார்த்து உருகுகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

உனக்கு மூட்டு வீங்குகிற நாள் எது என்று உனக்கே முதல் நாள் தெரிவதில்லை. டிக்கெட் விற்றாகிவிட்டது, லைட் போடுகிற பையனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் உன் வேஷத்தை நன்றாகச் செய்துவிடுவாளோ என்று உனக்குள் ஒரு பயம் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாதா? செய்யட்டும். எழுதியவள் நீதானே. இரண்டாம் காட்சியில் படியேறுகிற இடத்தையும் எடுத்துவிடு, உட்கார்ந்தே சொல்லலாம், அந்த வசனத்துக்குப் படி தேவையே இல்லை. உனக்காகச் சொல்லவில்லை, படிக்கும்போதே எனக்கு அந்த இடம் இடித்தது.

அம்மா அடுத்த வாரம் முருங்கைக்காய் வற்றலும் பருப்புப்பொடியும் எடுத்துக்கொண்டு வருகிறாள். ஒத்திகைக்கும் வந்து உட்காருவாள், தடுக்காதே. அந்தப் பெண்ணுக்கு வசனப் பிரதி கொடுத்தாயிற்றா என்று முதல் வேலையாக அவள் கேட்கப் போகிறாள்.

அன்புடன்,
அப்பா